மூன்றாம் ஓலை

எங்கள் ஊரில் என் வாய்க்குப் பயப்படாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் கோயில் மூப்பர் அப்பாத்துரை. இன்னொருவர் ஆண்டவர். மற்றவர்கள் எல்லாரும், சாரம்மாள் விளக்குமாறும் கையுமாக வருகிறாள் என்றால் தெருவில் ஒதுங்கி வழி விடுவார்கள். என் முருங்கை மரத்தில் கை வைத்தவனை அவன் பாட்டன் பூட்டன் வரைக்கும் இழுத்து வைத்துக் கேட்டிருக்கிறேன். ஆற்றுத் துறையில் என் கல்லில் துணியை வைத்த ஒருத்தி அன்றைக்குத் துவைக்காமலே வீட்டுக்கு ஓடினாள். இதனால் ஊரார் என்னைப் பெரிய தைரியசாலி என்று நினைத்திருந்தார்கள். சுத்தப் பொய். முருங்கைக்காய்க்குச் சண்டை போட எதற்குத் தைரியம்? வாய் இருந்தால் போதும். நான் எவ்வளவு பெரிய கோழை என்பது, தில்லியில் ராஜாவுக்கு முடிசூட்டிய அடுத்த வருஷம்தான் எனக்கே தெரிந்தது.

பாளையங்கோட்டைக்குக் கிழக்கே ஏழு மைல், தாமிரபரணிக்குத் தென்கரையில் எங்கள் ஊர். எண்பது வீடு, அத்தனையும் ஞானஸ்நானம் பெற்ற வேதக்காரர்கள். குருவானவரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம். மூன்று மைலுக்கு அப்பால் குடியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட்டுவண்டியில் வந்து ஆராதனை நடத்திவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார். மற்ற ஆறு நாளும் கோயிலுக்கு ராஜா அப்பாத்துரை மூப்பர்தான். மணியடித்து, கோயிலைப் பெருக்கி, பாய் விரிக்கும் வேலையை எனக்குக் கொடுத்தவர் அவர். கோயிலுக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு ஒன்று கொடுத்தவரும் அவர். என் புருஷன் சுவிசேஷமுத்து செத்த வருஷம் கொடுத்தார். கொடுத்ததைக் கண்ட இடத்தில் எல்லாம் சொல்லிக் காட்டவும் செய்வார்.

எங்களில் கல்யாணம் என்றால் முதலில் கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். பெயர்தான் ஓலை, ஐயர் கையில் இருப்பது காகிதம். அடுத்தடுத்து மூன்று ஞாயிறு வாசிப்பார். இன்னாருக்கும் இன்னாளுக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதும் அறிந்தவர்கள் இருந்தால் சொல்லலாம் என்பார். பிறகு மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டு ஆண்கள் பக்கம் ஒரு பார்வை, பெண்கள் பக்கம் ஒரு பார்வை. அந்த நேரத்தில் கைப்பிள்ளைகூட அழாது. ஆனால் எனக்குத் தெரிந்து ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை. தடை இல்லாமலா? எங்கள் ஊரிலா? கோயிலை விட்டு வெளியே போனதும் கிணற்றடியில் வண்டி வண்டியாகப் பேசுவார்கள். கோயிலுக்குள் மூச்.

அந்த வருஷம் பங்குனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐயர் முதலாம் ஓலை வாசித்தார். மாப்பிள்ளை எலியேசர், அப்பாத்துரை மூப்பரின் தம்பி, கண்டித் தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. பெண் பாக்கியவதி, விதவை யூனிஸ் அம்மாளின் ஒரே மகள், பதினெட்டு வயது. பெண்கள் பக்கம் எல்லாரும் யூனிஸைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நான் மட்டும் சிரிக்கவில்லை.

ஏனென்றால் எலியேசருக்கு ஏற்கெனவே பெண்டாட்டி உண்டு. பெயர் அன்னத்தாய். அவள் தலைப்பிள்ளையை இந்தக் கையால்தான் எடுத்தேன்.

நானும் என் புருஷனும் அதே கண்டித் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்கள். லயம் என்று சொல்லுகிற வரிசை வீடுகளில் எங்கள் வீட்டுக்கு அடுத்த சுவர் அன்னத்தாயுடையது. மதுரைப் பக்கத்துப் பெண், ஞானஸ்நானம் பெற்றவள், அதிர்ந்து பேசத் தெரியாது. எலியேசர் புதிதாகக் கணக்கப்பிள்ளையாக வந்து அவளைப் பார்த்துப் பிரியப்பட்டு, லயத்து ஆட்கள் நாலு பேர் முன்னிலையில் கூட்டிக்கொண்டான். ஊருக்கு மட்டும் எழுதவில்லை. பாதிரியார் ஆறு மாதத்துக்கு ஒருமுறை குதிரையில் வருவார். அடுத்த தடவை வரும்போது முடித்துக்கொள்ளலாம் என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். அடுத்த தடவை என்பது அங்கே வரவே வராத ஒரு நாள். அது எனக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்கும் தெரியாது.

அதைத்தான் இப்போது சொல்ல வேண்டும். சொல்லாமல் இந்தக் கதை நகராது. எனக்கும் என் புருஷனுக்கும்கூட ஓலை வாசிக்கவில்லை. முதல் தடவை பாதிரியார் வந்தபோது தோட்டத்துத் துரை லீவு தரவில்லை. இரண்டாம் தடவை எனக்குக் காய்ச்சல். அதற்குப் பிறகு பிள்ளை வயிற்றில் வந்துவிட்டது, வெட்கமாகிவிட்டது. பிள்ளை பிறந்தது, தங்கவில்லை. பத்து வருஷம் அப்படியே போயிற்று. ஊருக்குத் திரும்பி வந்தபோது, "கல்யாணம் எங்க முடிஞ்சுது?" என்று ஐயருக்கு உதவியாக இருந்த உபதேசியார் கேட்டார். "கண்டியில, கோயில்ல" என்று என் புருஷன் சொல்லிவிட்டார். சபைப் புத்தகத்தில் சுவிசேஷமுத்து, மனைவி சாரம்மாள் என்று எழுதிக்கொண்டார்கள். மூன்று வருஷம் கழித்து அவர் காய்ச்சலில் கிடந்தபோது, "சாரா, ஐயர்கிட்டச் சொல்லிருக்கலாம்" என்றார். நான்தான், "சும்மா கிடங்க, இப்ப அதுக்கு என்ன அவசரம்?" என்று வாயை அடைத்தேன். நாலாம் நாள் செத்துப்போனார்.

திங்கட்கிழமை நான் கோயில் முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். எலியேசர் வெள்ளைக் கோட்டும் கையில் குடையுமாக வந்தான்.

"என்ன சாரம்மாக்கா, சௌக்கியமா?"

"அன்னத்தாய் எப்படி இருக்கா?" என்று கேட்டேன். ஒருவேளை செத்திருப்பாளோ, அப்படியிருந்தால் எல்லாம் சரிதானே என்று ஒரு நப்பாசை.

"இருக்கா. அவளுக்கென்ன?"

"பிள்ளைக?"

"மூத்தவனுக்கு எட்டு முடியுது. சின்னது பொட்டப்பிள்ள, பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டா." சொல்லும்போதே அவன் முகம் மலர்ந்துவிட்டது. அதுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. பிள்ளைகள்மேல் பாசம் இல்லாதவனாக இருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"அப்ப இது என்னலே கல்யாணம்?"

"பைய பேசுங்கக்கா." அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். "அது வேற, இது வேற. அவளுக்கும் எனக்கும் எந்தக் கோயில்ல ஓலை வாசிச்சாக? அண்ணாச்சிகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். ஓலை வாசிக்காதது கல்யாணமே இல்லைலேன்னுட்டாக. அம்மாவுக்கு வயசாகுது. நம்ம ஆளுகள்ல ஒருத்தி வீட்டுக்கு வேணுங்காக. நான் என்ன செய்ய?"

"பாக்கியவதி அங்கன வந்து அவளைப் பார்த்தா?"

"அவ எதுக்கு அங்கன வாரா? இங்கன அம்மாவைப் பார்த்துக்கிட்டு இருப்பா. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்க நான் வருவேன்."

"நான் சொல்லிடுவேன்லே" என்றேன். விளக்குமாற்றைத் தரையில் ஓங்கி ஒரு அடி அடித்தேன். எல்லாரையும் மிரட்டுவது போலத்தான்.

அவன் மிரளவில்லை. சத்தமும் போடவில்லை. "சொல்லுங்க. நீங்களும் சுவிசேஷமுத்து அண்ணனும் எந்தக் கோயில்ல முடிச்சீகன்னு அண்ணாச்சி கேப்பாக. அந்தத் தோட்டத்துல எனக்குத் தெரியாம எந்தக் கோயில் இருந்துச்சு? சண்டைக்குச் சொல்லலக்கா. உங்களுக்கு வீடு போயிரும், வேலை போயிரும், சபையில பேரும் போயிரும். எதுக்கு?" என்று சொல்லிவிட்டுப் போனான். நான் பெருக்கிய குப்பையைத் திரும்பவும் பெருக்கிக்கொண்டு நின்றேன்.

இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிறு வாயைத் திறக்கவில்லை. ஐயர் பெண்கள் பக்கம் பார்த்தபோது, பாயில் ஒரு கோரை பிரிந்திருப்பதாகக் கண்டுபிடித்து அதைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

கோயிலில் எழுந்து நிற்பானேன், தனியாக ஐயரிடம் போய்ச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனேனே! செவ்வாய்க்கிழமை வெயிலில் மூன்று மைல் நடந்தேன். வெறுங்கையோடு போனால் யாராவது எதற்கு என்று கேட்பார்கள் என்று ஒரு கட்டு முருங்கைக்காயும் எடுத்துக்கொண்டேன். ஐயர் வீட்டில்தான் இருந்தார், நல்ல மனிதர், நாற்காலியில் உட்கார்ந்து என்னவோ எழுதிக்கொண்டிருந்தார். "என்ன சாரம்மாள், இவ்வளவு தூரம்?" என்று கேட்டார். நான் சொன்னது இதுதான்: "காய் நல்லா பிஞ்சா இருந்துச்சு, அதான்." கொடுத்துவிட்டுத் திரும்பினேன். வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன். ஊரில் வேறு யாரையும் அவ்வளவு கேவலமாகத் திட்டியதில்லை.

வியாழக்கிழமை பாக்கியவதி என்னைத் தேடி வந்தாள். பாளையங்கோட்டைப் போர்டிங் பள்ளியில் படித்துவிட்டு வந்த பிள்ளை. டீச்சர் டிரெயினிங்குக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று அங்கிருந்த வெள்ளைக்கார அம்மா சொல்லியும், மகளைக் கரையேற்ற வேண்டும் என்று யூனிஸ் நிறுத்திவிட்டாள். அவளையும் குறை சொல்ல முடியாது. தகப்பன் இல்லாத பெண்ணுக்கு மூப்பர் வீட்டுச் சம்பந்தம் வாசலில் வந்து நின்றால் எந்தத் தாய் வேண்டாம் என்பாள்?

"அத்தை, கண்டியில ரொம்பக் குளிருமோ? கம்பளிச் சட்டை பின்னுதேன். கை முழுசா வைக்கணுமா, பாதி போதுமா?" என்று கேட்டாள்.

"முழுசா வை" என்றேன்.

"அந்தத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கா? இல்லேன்னா நான் நாலு பிள்ளைகளை உக்கார வச்சுச் சொல்லிக் குடுப்பேன். அவுகளும் சரின்னுதான் சொல்வாக, இல்லையா அத்தை?"

இவளை அங்கே கூட்டிக்கொண்டு போகவே போவதில்லை. அது தெரியாமல் குளிருக்குச் சட்டை பின்னுகிறாள். மாமியார் வீட்டு மாட்டுத் தொழுவத்தில் சாணி அள்ளிக்கொண்டு, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கப்பலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். அங்கே அன்னத்தாயும் இரண்டு பிள்ளைகளும் அவன் எப்போது திரும்பி வருவான் என்று வழி பார்த்திருப்பார்கள். மூன்று உயிர் அங்கே, ஒரு உயிர் இங்கே. இத்தனையும் தெரிந்தவள் நான் ஒருத்தி. சட்டைக் கைக்கு அளவு சொல்லி அனுப்பினேன்.

சனிக்கிழமை மத்தியானம் கோயிலைக் கழுவி விட்டேன். அடுத்த நாள் மூன்றாம் ஓலை, அதோடு மாதத்து நற்கருணையும். பலிபீடத்துக்கு முன்னால் மரக்கிராதி ஒன்று உண்டு. அதன் முன் மண்டியிட்டுத்தான் அப்பமும் ரசமும் வாங்குவோம். அதைத் துடைக்கப் போனவள் அங்கேயே உட்கார்ந்து ஜெபம் பண்ணினேன். ஜெபமா அது? வழக்கு. "ஆண்டவரே, உமக்குத்தான் எல்லாம் தெரியுமே, நீரே ஐயர் சொப்பனத்தில் போய்ச் சொல்லிவிடும். உமக்கு என்ன, வீடா போகப்போகிறது, வேலையா போகப்போகிறது? அப்பாத்துரை உம்மை என்ன செய்துவிடுவார்? என்னை எதற்கு இழுக்கிறீர்?" என்று அரைமணி நேரம் சண்டை போட்டேன். பிறகு தண்ணீர் காய்ந்துகொண்டிருந்த தரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

அப்போதுதான் நான் சொன்னது எனக்கே உறைத்தது. உமக்குத்தான் எல்லாம் தெரியுமே! தெரியும்தானே? ஆறு வருஷமாக மாதா மாதம் இந்த இடத்தில் மண்டியிடுகிறேன். ஓலை வாசிக்காதவள், பொய் சொல்லிப் புத்தகத்தில் பெயர் ஏற்றிக்கொண்டவள் என்று ஐயருக்குத் தெரியாது, மூப்பருக்குத் தெரியாது. ஆண்டவருக்குத் தெரியும். தெரிந்துதான் கொடுத்தார். ஒரு மாதம்கூட, "நீ எழுந்து போ" என்று சொல்லவில்லை. பார்க்க வேண்டியவர் பார்த்தாயிற்று. அவர் பார்த்தும் துரத்தவில்லை என்றால், இனி யாருக்கு ஒளிக்கிறேன்? அப்பாத்துரைக்கா?

எனக்கு அழுகை வந்தது. சத்தம் போட்டே அழுதேன், கோயிலில் யாரும் இல்லை. பயம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். ஆனால் பயத்தோடேயே எழுந்து நிற்கலாம் என்று தெரிந்தது. என் புருஷன் நினைவும் வந்தது. நாளைக்குச் சொல்லிவிடுகிறேன், நிம்மதியாக இருங்கள் என்று அவரிடமும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை மணியடிக்கும்போது இதுதான் கடைசியாக அடிக்கிற மணி என்று நினைத்துக் கொஞ்சம் கூடுதலாகவே அடித்தேன். கோயில் நிரம்பி வழிந்தது. முன்வரிசை நாற்காலியில் அப்பாத்துரை மூப்பர், பக்கத்தில் எலியேசர். பெண்கள் பக்கம் முதல் பாயில் யூனிஸும் மகளும். பாடம் வாசித்து முடிந்ததும் ஐயர் காகிதத்தை எடுத்தார். மூன்றாம் ஓலை. பெயர்களை வாசித்தார். தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்றார். ஆண்கள் பக்கம் பார்த்தார், பெண்கள் பக்கம் பார்த்தார், காகிதத்தை மடிக்கத் தொடங்கினார்.

நான் எழுந்துவிட்டேன். எழுந்தால் போதுமா, குரல் வர வேண்டாமா? எட்டுத் தெருவுக்குக் கேட்கிற என் குரல் எலிக்குஞ்சு மாதிரி வந்தது.

"இருக்கு."

பக்கத்தில் இருந்தவள் என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "உக்காருடி, உனக்கென்ன கிறுக்கா?" ஐயர் மடித்த காகிதத்தோடு நின்றார்.

"என்ன இருக்கிறது, சாரம்மாள்?"

"தடை இருக்கு, ஐயரே. எலியேசருக்குக் கண்டியில பெண்டாட்டி இருக்கா. பேரு அன்னத்தாய். ரெண்டு பிள்ளைக. தலைப்பிள்ளைய நான்தான் எடுத்தேன்."

கோயிலில் அப்படி ஒரு இரைச்சலை நான் கேட்டதே இல்லை. யூனிஸ், "ஐயோ, பாவி!" என்று அலறினாள். என்னைச் சொன்னாளா, அவனைச் சொன்னாளா தெரியாது. ஐயர் கையை உயர்த்தி அடக்கிவிட்டு எலியேசரைப் பார்த்துக் கேட்டார்: "அப்படி ஒரு பெண் உண்டா?"

எலியேசர் தலையைக் குனிந்துகொண்டான். மூப்பர்தான் எழுந்தார். அவர் பதறவே இல்லை.

"ஒரு பொம்பள இருக்கா ஐயரே, இல்லேங்கல. வாலிப வயசு, தூர தேசம், நடந்துபோச்சு. ஆனா எந்தக் கோயில்லயும் ஓலை வாசிக்கல. எந்தப் பாதிரியாரும் கையைச் சேத்து வைக்கல. ஓலை வாசிக்காத ஒண்ணு சபைக்குக் கல்யாணமா? நீங்களே சொல்லுங்க."

ஆண்கள் பக்கத்திலிருந்து, "அதானே" என்று இரண்டு மூன்று குரல் வந்தது. பெண்கள் பக்கத்திலும் தலைகள் ஆடின. எங்கள் ஆட்களுக்கு அது பெரிய நியாயமாகப் பட்டது. ஓலை ஓலை என்று பிறந்த நாள் முதல் கேட்டு வளர்ந்தவர்கள், ஓலைதான் கல்யாணம் என்றே நினைத்துவிட்டார்கள். ஐயரும் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிஷம் யோசித்தார். யூனிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். எல்லாம் கைநழுவிப் போகிறது என்று தெரிந்தது. மிச்சத்தையும் சொன்னால்தான் உண்டு.

"அப்ப நான் யாரு, ஐயரே?" என்றேன்.

"உனக்கு என்ன?" என்றார் ஐயர்.

"எனக்கும் சுவிசேஷமுத்துக்கும் ஓலை வாசிக்கல. கண்டியில கோயில்ல முடிச்சோம்னு நாங்க சொன்னது பொய். பத்து வருஷம் அங்கன அவருக்குக் கஞ்சி காய்ச்சினேன். அவர் பிள்ளையப் பெத்தேன், புதைச்சேன். இங்கன வந்து மூணு வருஷம் அவரோட இருந்தேன். நம்ம கல்லறைத் தோட்டத்துல அவரை இறக்கும்போது, பெண்சாதி வந்து முதல் மண்ணு போடட்டும்னு நீங்கதானே சொன்னீக? போட்டது நான்தானே? அந்தப் பொய்க்கு என்ன தண்டனையோ குடுங்க, வாங்கிக்கிடுதேன். ஆனா அன்னத்தாய் பெண்டாட்டி இல்லேன்னா நானும் இல்ல. நான் பெண்டாட்டின்னா அவளும் பெண்டாட்டிதான். ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்க."

நான் உட்காரவில்லை. ஐயர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார். பிறகு காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்தார்.

"இந்த ஓலை இன்றோடு நிற்கிறது. கண்டிக் குருவானவருக்கு எழுதுவேன். பதில் வரும்வரை எலியேசருக்கு இந்தக் கோயிலில் கல்யாணம் இல்லை" என்றார். எலியேசர் நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே போனான். நான் அப்போதுதான் உட்கார்ந்தேன். அன்றைக்கு நற்கருணைக்கு நான் முன்னே போகவில்லை. போகக்கூடாது என்று யாரும் சொல்லுமுன்னே நானே இருந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு எல்லாம் தேனும் பாலுமாக ஓடியது என்று நினைக்காதீர்கள். திங்கட்கிழமை காலையிலேயே மூப்பர் மணிக்கயிற்றை வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டார். வீட்டைக் காலி செய்ய எட்டு நாள் கெடு. ஆற்றங்கரைத் தெருவில் ஒரு சாய்ப்புக் குடிசை கிடைத்தது, நாற்பத்தைந்து வயதில் நாற்று நடப் போனேன். யூனிஸ் நாலு மாதம் என்னோடு பேசவில்லை. என் மகள் பெயரைக் கோயிலில் வைத்து நாறடித்துவிட்டாள் என்று ஊரெல்லாம் சொன்னாள். நானும் சும்மா இருப்பேனா, பதிலுக்குப் பேசினேன். பாக்கியவதி மட்டும் அன்று சாயங்காலமே வந்தாள். கண் வீங்கியிருந்தது. "அந்தப் பிள்ளைக பேரு என்ன அத்தை?" என்று கேட்டாள். மூத்தவன் பெயரைச் சொன்னேன், சின்னது பெயர் எனக்குத் தெரியாது. அந்தக் கம்பளிச் சட்டையை என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை.

ஒரு மாதம் கழித்து ஐயர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். சபைக்குப் பொய் சொன்னதற்காக ஆறு மாதம் நற்கருணை விலக்கு என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பொய்ய நானே வந்து சொன்னதுக்கா ஐயரே ஆறு மாசம்? சொல்லாம இருந்திருந்தா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, வாய் நிற்கவில்லை.

ஐயர் சிரித்துவிட்டார். சபைப் புத்தகத்தை எடுத்து என் முன்னால் திறந்து வைத்தார். எனக்கு வாசிக்கத் தெரியாது. விரலை வைத்துக் காட்டினார். "மூப்பர் இதை அடிக்கச் சொல்லுகிறார். சுவிசேஷமுத்து மனைவி சாரம்மாள். ஒரு எழுத்தையும் அடிக்க மாட்டேன். ஆறு மாதம் கழித்து வா. இந்தப் பெயரோடேயே வா" என்றார்.

கோபித்துக்கொண்டு போனவள் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு திரும்பி வந்தேன்.

கண்டிக் குருவானவர் எழுதிய பதில் வைகாசியில் வந்தது. அன்னத்தாயும் பிள்ளைகளும் உண்மைதான், ஒரு மாதத்தில் திரும்புவதாகச் சொல்லிப் போன எலியேசர் இன்னும் வரவில்லை, அவள் தினமும் தபால்காரனைக் கேட்கிறாள் என்று எழுதியிருந்தாராம். அதை எலியேசரைக் கூப்பிட்டு வைத்து ஐயரே வாசித்துக் காட்டினார். அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான் என்று கேள்விப்பட்டேன். அந்த வாரமே தூத்துக்குடிக்கு வண்டி கட்டிப் போய்க் கப்பலேறினான். அண்ணனிடம் சொல்லிக்கொள்ளவில்லை. பாக்கியவதியை யூனிஸே பாளையங்கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போய் டிரெயினிங் பள்ளியில் சேர்த்தாள்.

மார்கழியில் கிறிஸ்மஸுக்கு முந்தின ஞாயிறு. என் ஆறு மாதம் முடிந்து நாளாகியிருந்தது. பாக்கியவதி லீவுக்கு வந்து என் பாயில் உட்கார்ந்திருந்தாள். பாடம் முடிந்ததும் ஐயர் ஒரு காகிதத்தை எடுத்தார். ஊரில் யாருக்கும் கல்யாணம் பேசவில்லையே, யார் ஓலை என்று எல்லாரும் விழித்தோம்.

"கண்டிச் சீமைக் குருவானவர் கேட்டுக்கொண்டபடி, மாப்பிள்ளையின் சொந்தச் சபை என்பதால் இங்கேயும் வாசிக்கப்படுகிறது" என்று ஆரம்பித்தார். "இந்தச் சபையைச் சேர்ந்த எலியேசருக்கும், கண்டித் தோட்டத்தைச் சேர்ந்த அன்னத்தாய்க்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது. இது முதலாம் ஓலை. தடை ஏதும் அறிந்தவர்கள் இருந்தால் சொல்லலாம்."

அப்பாத்துரை மூப்பர் கூரை ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஐயர் கண்ணாடியைத் தூக்கிவிட்டார். ஆண்கள் பக்கம் பார்க்கவில்லை, நேரே என்னைப் பார்த்தார். அதோடு கோயில் மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. பாக்கியவதி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இப்படி ஒரு காகிதம் எங்களுக்கு வாசிக்கவில்லையே என்று என் புருஷன் நினைப்பும் வந்தது. யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை, நானாகவே எழுந்தேன். மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தேன். ஆற்றின் அக்கரை வரைக்கும் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

"ஒரு தடையும் இல்ல ஐயரே! சீக்கிரம் முடிச்சு வைக்கச் சொல்லுங்க, மூத்த பிள்ளைக்கு ஒம்பது வயசாகுது!"